மாமா கண்ட கள்ளி

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அரபு இலக்கணத்தையும் தமிழ் இலக்கியத்தையும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் பணி. செடி கொடிகளைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. எனினும் ஒரு செடியின் பொருட்டு ஒரு கடன் என் தலைமேல் நெடுங்காலம் இருந்து வந்தது. அக்கடனைத் தீர்ப்பதற்காகவே 2023ஆம் ஆண்டு மே மாதம், பள்ளி விடுமுறையில், இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்று வந்தேன். சென்றவன் கண்டது என்ன, செல்லுமுன் செய்த பிழை என்ன என்பதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். படிப்பவர்களில் என்னைப் போன்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவருக்கு இது பயன்படக் கூடும்.

என் தாயாரின் மூத்த உடன்பிறப்பாகிய மாமா, எங்கள் கடற்கரை ஊரின் வழக்கப்படி, சிறு வயதிலேயே கடல் கடந்து இலங்கைக்குச் சென்றவர். கண்டிக்கு அருகிலுள்ள அகுரணையில் மணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். ஏலக்காய், மிளகு, கராம்பு ஆகியவற்றை மலைக் கிராமங்களில் வாங்கிக் கண்டிக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் அக்காலத்தில் காட்டு மரங்களின் நிழலிலேயே ஏலக்காய் பயிரிட்டு வந்தார்கள். மாதத்தில் பாதி நாட்கள் மாமா அந்தக் காடுகளில்தான் இருப்பார். குர்ஆன் ஓதக் கற்றதும், அரபுத் தமிழில் எழுதக் கற்றதும், பள்ளிக்கூடத்தில் நாலைந்து ஆண்டுகள் இருந்ததுமே அவருடைய படிப்பு. ஆனால் கண்ணில் பட்ட எதையும் நின்று பார்க்காமல் அவர் கடந்து போனதில்லை.

1995ஆம் ஆண்டு, நான் மத்ரஸாவில் ஸனது பெற்று வெளிவந்த மறு வருடம், அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸலாமும் நலம் விசாரிப்பும் முடிந்தபின் இப்படி எழுதியிருந்தார்:

"மருமகனே, சென்ற வாரம் மழைக்காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தில் கள்ளி ஒன்று தலைகீழாகத் தொங்கக் கண்டேன். நம் ஊர் வேலியில் நிற்கும் திருகுகள்ளியைப் போல மெல்லிய தண்டு. இலை என்பதே இல்லை. முத்துப் போல வெள்ளைப் பழம் பழுத்திருந்தது. ஒடித்துப் பார்த்தேன், பால் வரவில்லை. பால் இல்லாத கள்ளி உண்டா? மண்ணில் கால் ஊன்றாமல் கள்ளி வாழுமா? நீ கிதாபு ஓதியவன். விளக்கம் எழுது."

அன்பர்களே, புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞனிடம் விளக்கம் கேட்பதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை. நூலகத்தில் பொது அறிவு நூல்கள் இரண்டைப் புரட்டி, நான்கு பக்கங்களில் பதில் எழுதினேன். அப்பதிலின் சாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதிலிருந்த செய்திகள் பெரும்பாலும் சரியானவை. முடிவு ஒன்றுதான் தவறு.

தமிழில் கள்ளி என்னும் ஒரே சொல் இரண்டு வேறு குலங்களைக் குறிக்கிறது என்று தொடங்கினேன். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை ஒரு குலம். ஒடித்தால் வெண்பால் வடியும். நம் பழந்தமிழ்ப் பாடல்களில் பாலை நிலத்தில் வரும் கள்ளி இக்குலத்ததே. திருகுகள்ளிக்கு மேனாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இட்ட பெயரில் கூட மலபார்க் கரையின் 'திருக்கள்ளி' என்னும் சொல் அப்படியே இருக்கிறது. சப்பாத்திக்கள்ளியோ காக்டஸ் என்னும் மற்றொரு குலம். அதற்குப் பால் இல்லை. முட்கள் சிறு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாக முளைக்கும்.

அடுத்து, காக்டஸ் குலத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள் என்பதை விளக்கினேன். வடக்கே கனடாவிலிருந்து தெற்கே படகோனியா வரை 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே பரவியிருக்கின்றன. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகே சப்பாத்திக்கள்ளி மற்ற நாடுகளுக்கு வந்தது. அரபு மக்கள் அதன் பழத்தை 'முள் அத்தி' என்னும் பொருளில் 'தீன் ஷவ்கீ' என்கிறார்கள். துனீசியாவில் அதற்கு 'ஹிந்தி' என்றே பெயர். எங்கிருந்து வந்ததென்று அறியாதவர்கள் இந்தியாவின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்! நம் நாட்டுக்கோ அது சாயப் பூச்சி வளர்ப்பதற்காகக் கும்பினியார் காலத்தில் பரப்பப்பட்டது. பின்னர் தரிசெல்லாம் அதுவே மண்டி உழவரை வாட்டியபோது, 1926இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட கொச்சினீல் பூச்சி வகை ஒன்று அதனைச் சில ஆண்டுகளில் அரித்துத் தீர்த்தது. எங்கள் பாட்டனார் இதைக் கண்ணால் கண்டு சொல்லியிருக்கிறார்.

இவ்வளவையும் அடுக்கிவிட்டு முடிவுக்கு வந்தேன். காக்டஸ் அமெரிக்கப் பாலையின் செடி. இலங்கை மழைக்காட்டில், அதுவும் மரத்தின் மேல், அது இயற்கையாக இருக்க முடியாது. ஆகவே தாங்கள் கண்டது கள்ளியன்று, ஏதோ ஒரு புல்லுருவி. இத்துடன் நிறுத்தினேனா? 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்னும் பழமொழியையும் கடைசி வரியாகச் சேர்த்தேன். தீர விசாரிக்காதவன் நான். விசாரிக்கக் கேட்டவர் அவர். அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

மாமாவின் மறுகடிதத்தில் ஒரே வரி இருந்தது: "சரி மருமகனே, நீ படித்தவன்."

1997இல் குடும்பத்துத் திருமணம் ஒன்றுக்காக மாமா ஊருக்கு வந்தார். விருந்து முடிந்து ஆண்களெல்லாம் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "மாமா, அந்தரத்துக் கள்ளி இந்த வருடம் காய்த்ததா?" என்று கேட்டேன். விவரம் அறிந்தவர்கள் சிரித்தார்கள். அறியாதவர்களுக்கு நானே விவரம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். மாமாவும் சிரித்தார். 2004இல் அவர் காலமானார். அந்தப் பேச்சு அதன்பின் யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான்.

* * *

2017ஆம் ஆண்டு, ஐரோப்பிய மொழிகளின் செடிப் பெயர்களில் உள்ள அரபுச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பிற செடிகளின் மேல் படர்ந்து உறிஞ்சி வாழும் இலையற்ற மஞ்சள் கொடி ஒன்றுண்டு. அரபு மருத்துவ நூலார் அதனைக் 'குஷூஸ்' என்பர். அச்சொல்லே திரிந்து இலத்தீனில் 'கஸ்குட்டா' ஆயிற்று. அதைப் போலவே தோன்றும் மற்றொரு கொடி நம் பக்கத்துக் கொத்தான். அதன் மேனாட்டுப் பெயர் 'காஸிதா'. அந்தக் காஸிதாவைத் தேடிச் சென்ற இடத்தில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு செடிக்கு அதன் இலையற்ற தண்டைக் கண்டு மயங்கி, காஸிதா இனத்தது என்று பெயரிட்டுவிட்டார்கள். 1788இல் கேர்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 'ரிப்ஸாலிஸ்' என்ற புதுப் பெயரை அதற்கு இட்டார். பின்னல் கூடைக்குரிய பிரம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தச் செடி உண்மையில் காக்டஸ் குலத்தைச் சேர்ந்தது. பாலையில் அன்றி மழைக்காட்டு மரங்களின் மேல் வாழ்வது. மெல்லிய தண்டு, இலையில்லை, முத்துப் போன்ற வெண்ணிறப் பழம். அமெரிக்காவுக்கு வெளியே மனிதர் கைபடாமல் காடுகளில் வளர்ந்து வரும் ஒரே காக்டஸ் அதுவேயாகும். ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகளிலும், மடகாஸ்கரிலும், இந்தியப் பெருங்கடலின் சில தீவுகளிலும், இலங்கையிலும் அது காணப்படுகிறது.

இலங்கை என்ற சொல்லைப் படித்ததும் மாமாவின் கடிதம் வரிக்கு வரி நினைவுக்கு வந்தது.

'பால் வரவில்லை' என்று அவர் எழுதியிருந்தாரே! காக்டஸ் குலத்துக்குப் பால் இல்லை என்று என் கடிதத்தில் எழுதியவனும் நானே. என் முதற் கூறே என் முடிவை முறித்துப் போட்டிருந்தது. இரண்டு பக்கம் முன்னும் பின்னும் ஒருமுறை படித்திருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

மத்ரஸாவில் எங்களுக்கு ஒரு விதி மனப்பாடம். 'அல்முஸ்பித் முகத்தமுன் அலந்நாஃபீ' என்பர். ஒரு செய்தியை 'உண்டு' என்று உறுதி செய்பவனுடைய சொல், 'இல்லை' என்று மறுப்பவனுடைய சொல்லைவிட முதன்மை பெறும் என்பது அதன் பொருள். காரணம் எளிது. உண்டு என்பவனிடம் ஒரு கூடுதல் அறிவு இருக்கிறது, அவன் கண்டிருக்கிறான். இல்லை என்பவனிடம் பெரும்பாலும் இருப்பது, தான் காணவில்லை என்பது மட்டுமே. இந்த விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றேன். மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் மாமாவின் கடிதம் வந்த அன்று அது எனக்கு நினைவு வரவில்லை.

கடன் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். மன்னிப்புக் கேட்பதற்கு அவர் இல்லை. அவர் கண்டதை நானும் சென்று காண்பது ஒன்றே எஞ்சியிருந்தது. 2020இல் புறப்பட எண்ணியபோது பெருந்தொற்று வந்து வழிகளை அடைத்தது. 2022இல் இலங்கை மக்கள் எரிபொருளுக்கும் உணவுக்கும் வரிசையில் நின்று வருந்திய காலத்தில் விருந்தாளியாகப் போக மனம் ஒப்பவில்லை. இறுதியில் 2023 மே மாதம் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறினேன்.

* * *

அகுரணையில் மாமாவின் மகன், என் மச்சான், வாசலிலேயே காத்திருந்தார். இரவு உணவுக்குப் பின் வந்த காரியத்தைச் சொன்னேன். பழைய பரிகாசத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய்த் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார்.

"மலைக்குப் போக முந்தி வாப்பாட கொப்பியக் கொஞ்சம் பாருங்க மச்சான். எங்களுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

ஏலக்காய் வரவு செலவு முழுவதும் அரபுத் தமிழில் இருந்தது. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையை இன்று வாசிப்போர் அருகிவிட்டனர். ஓரங்களில் மாமா சில குறிப்புகளும் எழுதி வைத்திருந்தார்: எந்த ஆற்றில் எப்போது வெள்ளம், எந்த மரத்தில் தேன், யாருக்கு எவ்வளவு கடன். 1995 டிசம்பர் மாதப் பக்கம் ஒன்றின் ஓரத்தில் இருந்ததை உரக்கப் படிக்கத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அது வருமாறு:

"மரத்துக் கள்ளியைப் பேராதனைத் தோட்டத்தில் காட்டினேன். காக்டஸ் சாதிதான் என்றார்கள். பால் இல்லாததே அடையாளமாம். மருமகனுக்கு எழுதவில்லை. புதிதாக உஸ்தாதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும்."

பேராதனைத் தாவரத் தோட்டம் 1821இல் நிறுவப்பட்டது. அகுரணையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தீர விசாரிப்பதே மெய் என்று நான் எழுதிய வரியை அவர் அப்படியே கைக்கொண்டு, செடியைச் சுமந்து சென்று விசாரித்திருக்கிறார். ஈராண்டு கழித்துத் திண்ணையில் நான் கேலி செய்தபோது, விடை அவரிடம் இருந்தது. என் முகத்துக்காக அதை அவர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். அரபியில் கள்ளிக்கு 'ஸப்பார்' என்று பெயர். பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்தது. பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிய சொற்பிறப்பு அது. அன்றிரவுதான் அதற்கு ஓர் ஆள் எடுத்துக்காட்டாகக் கிடைத்தார்.

சான்று கையில் கிடைத்துவிட்டது. இனிக் காட்டுக்குப் போவானேன் என்று மச்சான் கேட்டார். காணாமலே மறுத்தவன், காணாமலே ஒப்புக்கொள்வதும் முறையாகாது என்றேன். விடியுமுன் புறப்பட்டோம்.

* * *

கண்டியிலிருந்து திகனை, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய வரை நல்ல சாலை. தெல்தெனியவின் பழைய ஊர் 1980களில் கட்டிய விக்டோரியா அணையின் நீருக்குள் இருக்கிறது. இப்போதுள்ளது மேட்டில் புதிதாக எழுந்த ஊர். ஹுன்னஸ்கிரியவில் சாலை மலைக்குள் திரும்புகிறது. அங்கிருந்து வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போல் சிகரங்கள் வரிசையாகத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டார்கள். சிங்கள மக்கள் தும்பர மலை என்பர். உயரமான முகடுகள் 1,800 மீட்டரைக் கடந்தவை. இலங்கையின் மத்திய மலைநாட்டோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

மலைக் கிராமம் ஒன்றில் மாமாவுக்கு முன்பு ஏலக்காய் கொடுத்து வந்த சிங்கள முதியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்ட இசைந்தார். அவர் பேசுவதை மச்சான் தமிழில் சொல்லி வந்தார். அனுமதிச் சீட்டுப் பெற்றுக் காட்டுக்குள் நுழைந்தோம். அட்டைகளுக்கு அஞ்சிக் காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டோம். அப்படியும் இரண்டு அட்டைகள் என் கணுக்காலில் தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டன.

தேடுவது எளிது என்று எண்ணியிருந்தேன். உள்ளே சென்றதும் மலைத்துப் போனேன். அந்தக் காட்டில் தொங்காத பொருளே இல்லை! கிளைக்குக் கிளை பாசி தொங்கியது, பெரணி தொங்கியது, சீதாளிச் செடிகளின் வேர்கள் தொங்கின, கிழவரின் தாடியைப் போல் நரைத்த மரப்பாசி தொங்கியது. ஒரு மணி நேரம் அண்ணாந்து நடந்ததில் கழுத்து வலித்தது. திடீரென்று ஒரு கிளையில் பச்சை நிறச் சரங்கள் கொத்தாகத் தொங்கக் கண்டேன். "இதோ!" என்று கூவிவிட்டேன். முதியவர் ஒரு சரத்தை என் விரலிடையே வைத்து மெல்ல இழுத்தார். கண்ணுக்குத் தெரியாத சிற்றிலைகள் வரிசை வரிசையாக விரலில் உராய்ந்தன. அது பெரணிக்கு உறவான வேறொரு செடி. இலை உள்ளது கள்ளியாகுமா? ஐம்பத்து நான்கு வயதில் மறுபடியும் ஒரு முறை காணாததைக் கண்டதாகச் சொன்னேன். இம்முறை திருத்துவதற்கு ஒருவர் அருகிலேயே இருந்தார்.

நண்பகல் கழிந்து சற்று நேரத்தில், முன்பு ஏலக்காய்த் தோட்டமாயிருந்து இப்போது காடு மீட்டுக்கொண்ட ஒரு சரிவுக்கு வந்தோம். முதியவர் நின்றார். கையை உயர்த்தவில்லை, கண்ணால் மட்டும் காட்டினார்.

பெரிய மரம் ஒன்று ஓடையின் மேல் சாய்ந்திருந்தது. அதன் கவட்டிலிருந்து ஆளுயரத்துக்கும் அதிகமாக ஒரு பச்சைக் கற்றை நீரை நோக்கித் தொங்கியது. எழுதுகோலினும் மெல்லிய உருண்டைத் தண்டுகள். ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகவும் மூன்றாகவும் கிளைத்து, அந்தக் கிளைகள் மீண்டும் கிளைத்து, வலை போல் இறங்கின. இலை இல்லை. தண்டின் பக்கங்களில் மிளகளவான பழங்கள். வெண்மை என்று மாமா எழுதியிருந்தார். அதனுள் ஒளி புகுந்து வருவதை அவர் எழுதவில்லை. முத்துப் போல என்ற சொல்லை நான் அன்று உவமை என்று தள்ளியிருந்தேன். அது அளவும் நிறமும் பிசகாத வருணனை.

கீழே பாறையில் உதிர்ந்து கிடந்த ஒரு தண்டை எடுத்து ஒடித்தேன். பால் வரவில்லை. நீர்த்துளி ஒன்று மட்டும் கசிந்தது.

முதியவரிடம் இதன் பெயர் என்ன என்று கேட்டோம். 'வல் நவஹந்தி' என்றார். நவஹந்தி என்பது திருகுகள்ளிக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். 'ஹந்தி' என்றால் மூட்டு. 'வல்' என்றால் காட்டுக்குரியது. ஆக, அம்மக்கள் இதைக் காட்டுத் திருகுகள்ளி என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். மாமா கள்ளி என்று எழுதியது அவருடைய கற்பனையன்று. அந்த மலையில் வாழ்பவர்களின் சொல்லை அவர் தமிழில் எழுதியிருந்தார்.

"உங்கள் மாமா இந்த வழியே போகும்போதெல்லாம் மூட்டையை இறக்கிவிட்டு இங்கே நிற்பார்" என்றார் முதியவர். மாமா நின்றிருக்கக் கூடிய பாறையில் நானும் நின்றேன்.

ஒரு பழத்தை விரலால் நசுக்கினேன். பசை போன்ற சாறும், கருநிற நுண்விதைகளும் விரலில் ஒட்டிக்கொண்டன, உதறினாலும் விழவில்லை. மரப்பட்டையில் தேய்த்தபின்தான் விட்டன. பழம் தின்ற பறவையும் இதைத்தான் செய்கிறது. அலகைக் கிளையில் தீட்டும். அல்லது விதை அதன் எச்சத்தோடு கிளையில் விழும். அங்கேயே முளைத்துவிடும். புல்லுருவியைப் போல் இச்செடி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் இதற்கு நிற்க இடம் தருகிறது, அவ்வளவே. கிளையின் மடிப்பில் சேரும் தூசும் மக்கிய இலையுமே இதன் நிலம். புல்லுருவி என்று நான் தீர்ப்பளித்ததும் இவ்வாறு பிழையாயிற்று.

பாலைக் குலத்தில் பிறந்தது மழைக்காட்டில் வாழ்வது எவ்வாறு? இதற்கும் விடை அந்தக் கிளையில்தான் இருந்தது. மழை பெய்தவுடன் நீர் மரக்கிளையிலிருந்து வழிந்தோடிவிடுகிறது. வேரைச் சூழ மண் இல்லை. வெயில் வந்தால் எல்லாம் உலர்கிறது. மழைக்காட்டின் நடுவில் மரக்கிளை ஒரு சிறு பாலைவனம். ஆகவே பாலையில் உதவும் அதே கலை இங்கும் உதவுகிறது. தண்டில் நீரைச் சேமித்து, பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இலங்கையில் காக்டஸ் வாழ முடியாது என்று சொன்னபோது நான் மழையை மட்டும் கணக்கிட்டேன், கிளையைக் கணக்கிடவில்லை.

கடல் கடந்து வந்தது எவ்வாறு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கண்டங்கள் ஒன்றாயிருந்த காலத்திலேயே இங்கிருந்தது என்று சிலர் எண்ணினர். ஆனால் கண்டங்கள் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. காக்டஸ் குலம் தோன்றியது மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்தான் என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. மாலுமிகள் கொண்டு வந்திருக்கலாம் என்பாரும் உளர். ஆயினும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உள்ளவை அமெரிக்கச் செடிகளினின்று வேறுபட்ட தனி வடிவங்களைப் பெற்றுள்ளன; சில நூறு ஆண்டுகளில் அவ்வளவு மாற்றம் நேர்வது அரிது. எனவே பறவையின் வயிற்றிலோ காலிலோ ஒட்டி அட்லாண்டிக் கடலைக் கடந்தது என்னும் கருத்துக்கே வலுவுண்டு. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

திரும்பும்போது, ஒரு தண்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று தொட்டியில் வைத்தால் என்ன என்ற ஆசை மச்சானுக்கு எழுந்தது, எனக்கும்தான். முதியவர் தலையசைத்து மறுத்தார். அது காப்புக் காடு. உதிர்ந்த பழத்தைக்கூட வெளியே கொண்டு போகக் கூடாது. காக்டஸ் குலம் ஏறக்குறைய முழுவதும், 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் காப்புப் பட்டியலில் இருக்கிறது. 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, காக்டஸ் இனங்களில் நூற்றுக்கு 31 அழிவின் அச்சத்தில் இருப்பதாகக் கண்டது. அழகுக்காகக் காட்டிலிருந்து பிடுங்கிச் செல்வது அதற்குப் பெரிய காரணங்களுள் ஒன்று. விரும்பியவர்களே வேரறுக்கிறார்கள்! ஒடித்த தண்டையும் பாறையிலேயே வைத்துவிட்டு இறங்கினோம்.

மறுநாள் அகுரணையில் மாமாவின் கப்ரைச் ஸியாரத் செய்தேன். அங்கு நான் மனத்தில் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

* * *

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கிய முதல் வாரத்தில், உண்டு என்பவன் சொல் முந்தும் என்னும் விதியை நடத்தும் முறை வந்தது. முன்பெல்லாம் கிதாபுகளில் உள்ள எடுத்துக்காட்டுகளைச் சொல்வேன். இம்முறை மாமாவின் கடிதத்தையும் என் பதிலையும் சொன்னேன். திண்ணையில் சிரித்ததையும் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. தங்கள் உஸ்தாத் தாமே இப்படிச் சொல்லக் கேட்டு அவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "உஸ்தாத், அப்படியானால் யார் எதைக் கண்டேன் என்று சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "வேண்டாம்" என்றேன். "சொல்பவர் உண்மையாளர்தாமா என்று பார். அவர் சொன்னதை முழுவதும் கேள். முடிந்தால் போய்ப் பார். போக முடியாவிட்டால், எனக்குத் தெரியவில்லை என்று சொல். நீ காணாதது ஒன்றை மட்டுமே காரணமாக வைத்து இல்லை என்று எழுதிவிடாதே."

அவன் அமர்ந்தான். சிறிது நேரத்தில் மறுபடியும் எழுந்தான். "அந்தச் செடியின் படம் இருக்கிறதா, உஸ்தாத்?"

மச்சான் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினேன். பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "இது கள்ளி மாதிரியே இல்லையே!" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவைப் போல நானும் பொறுத்துக்கொண்டேன்.